வீடு தப்பித்துவிட்டது, உடனே குடிபோகலாமா?

தீ விபத்து தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, தீயணைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் குடியிருக்கும் பகுதியில் காட்டுத்தீ வந்துபோனது. பக்கத்து வீடுகள் பல எரிந்துவிட்டன. அவர்கள் வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. திரும்பி வரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த வாரமே கூட்டித் துடைத்துக் குடிபோய்விடலாம் என்கிறார் மருமகன். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம் அம்மா, ஆனால் முதல் தடவை பிள்ளைகள் வேண்டாம். பெரியவர்கள் மட்டும், நல்ல பகல் வெளிச்சத்தில் போகட்டும். உள்ளே கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சிலும் கை வைக்காமல் வெளியே வந்து, தகவல் சொல்ல வேண்டும். மின்சாரத்தை எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடலாம். எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்கு அதுதான் சாட்சி.

மருமகன் "கூட்டித் துடைத்து" என்கிறாரே, எனக்குக் கவலை அங்கேதான். துடைப்பத்தைத் தொடவே கூடாது. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து படிந்திருப்பது வெறும் விறகுச் சாம்பல் இல்லை. பெயின்ட், பிளாஸ்டிக், வயர், பேட்டரி, பழைய வீடாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்று எல்லாம் எரிந்த சாம்பல். அதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும். கூட்டினால் அத்தனையும் காற்றில் ஏறும். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூளைப் பின்பக்கம் வழியே திரும்ப ஊதிவிடும், நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதுதான் உதவும். முகத்துக்கு என்95 கவசம் வேண்டும். துணிக் கவசம் போதாது. கையுறை, முழுக்கைச் சட்டை, கனமான காலணி போட்டுக்கொண்டு, அந்தக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தவழும் பிள்ளை தரையில் வைக்கும் கையைத்தான் அடுத்த நிமிடம் வாயில் வைக்கும்.

அடுத்தது தண்ணீர். கலிஃபோர்னியாவில் 2017-இல் சான்டா ரோசாவிலும் 2018-இல் பாரடைஸ் ஊரிலும் தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் கலந்திருந்தது. எரிந்த வீடுகளின் பிளாஸ்டிக் குழாய்களும், அழுத்தம் குறைந்த குழாய்க்குள் இழுக்கப்பட்ட புகையும் இதற்குக் காரணமாகலாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பென்சீன் ஆவியாகி வீட்டுக் காற்றில்தான் கலக்கும். குடிநீர் வழங்குபவர்கள் பரிசோதித்து எழுத்தில் சொல்லும்வரை குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவாருங்கள்.

வெப்பமோ புகையோ பட்ட உணவையும் மருந்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கெட்டுவிட்டதா என்று ருசி பார்க்க வேண்டாம்.

தோட்டத்தில் நடக்கும்போது கவனம். மரத்தின் வேர் மண்ணுக்கடியில் நாள்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல் மூடிய தரையாகத்தான் தெரியும், கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். நீளமான கம்பால் குத்திப் பார்த்துவிட்டு அடி எடுத்து வையுங்கள்.

வீடு மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிறதா? செடிகொடி எரிந்த மண்ணில் மழைநீர் சரியாக இறங்காது, மண்ணோடு வழிந்து வரும். கலிஃபோர்னியாவின் மான்டசீட்டோவில், 2017 டிசம்பரில் தொடங்கிய தீக்குப் பின்னால் 2018 ஜனவரி 9 அன்று பெய்த மழையில் சேறும் பாறையும் புரண்டுவந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு அங்கே தங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே அகலமான சாலை இருக்கிறது. தீ அதைத் தாண்டுமா?

பதில்: தாண்டும். காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் கங்குகளால்தான் பற்றுகின்றன. காற்று அவற்றைக் கிலோமீட்டர் கணக்கில் தூக்கிப்போகும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வீடு அடியோடு எரிந்து கிடக்க, அதன் அருகிலேயே மரம் பச்சையாக நிற்பதை அவர் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்.

அதனால் சாலையை விட்டுவிட்டுச் சுவரோரம் பாருங்கள். சுவரிலிருந்து 1.5 மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது: காய்ந்த புதர், விறகு அடுக்கு, கயிற்றுக் கால்மிதி எதுவுமே. கூரையிலும் மழைநீர் வடியும் தகரத்திலும் சேரும் சருகை அள்ளிவிடுங்கள், கங்கு தேடி வந்து உட்காருவது அங்கேதான். காற்றுத் துவாரங்களுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். இத்தனையும் செய்திருந்தாலும், வெளியேறச் சொன்னால் வெளியேறிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரியில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் வீட்டைக் காக்கலாம் என்று தங்கியவர்களும், கடைசி நேரத்தில் கிளம்பியவர்களும் உண்டு.

கேள்வி: சமைக்கும்போதெல்லாம் புகை அலாரம் கத்துகிறது என்று கணவர் பேட்டரியைக் கழற்றிவிட்டார். தப்பா?

பதில்: பெரிய தப்பு, இன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள். அலாரத்தை அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். விட்டுவிட்டுக் கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், 10 ஆண்டு ஆனால் அலாரத்தையே மாற்றுங்கள்.

அப்புறம், படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். கூடம் முழுக்கக் கரியாகிக் கிடந்த வீடுகளில், சாத்தியிருந்த அறைக்குள் சுவரில் மாட்டிய காலண்டர்கூடக் கருகாமல் இருந்ததைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காட்டுத்தீயில் அப்பாவின் வீடு முழுக்கப் போய்விட்டது. யாரோடும் பேசுவதில்லை. தினமும் அந்த இடத்துக்குப் போய்ச் சாம்பலைக் கிளறுகிறார். எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்காதீர்கள், கூடப் போங்கள். அவருக்கும் முகக்கவசம் மாட்டிவிடுங்கள், ஒரு சல்லடை கொண்டுபோங்கள். பீங்கானும் உலோகமும் சில சமயம் கிடைக்கும். இரும்புப் பெட்டி இருந்தால் நன்றாக ஆறும்வரை திறக்க வேண்டாம். உள்ளே வெப்பம் அடைந்திருக்கும், திறந்ததும் காற்றுப் பட்டு, தப்பிப் பிழைத்த காகிதமும் பற்றிக்கொள்ளும்.

"உயிர் பிழைத்ததே பெரிசு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்கே தெரியும். காப்பீட்டுக்கு என்னென்ன போனது என்று பட்டியல் கேட்பார்கள் இல்லையா, அதை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அறை அறையாக, இழுப்பறை இழுப்பறையாகக் கேளுங்கள். இந்த மேசையை யார் வாங்கியது, அந்த அலமாரியில் என்ன இருந்தது என்று கேட்கக் கேட்கப் பேச்சு வரும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், சாப்பிடாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ, மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்தப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்ட போட்டோக்கள் கிடைத்தால் பிய்க்காதீர்கள். உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.