கிளியர் பிளாஸ்டிக்குக்குச் சாயம்: கேட்டதும் சொன்னதும்

மாடல் கட்டுபவர்களும் சின்னச் சின்ன விளக்கு செய்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்க முடியவில்லை.

அண்ணா, மாடல் காரின் பின்விளக்குக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். செங்கல் துண்டு மாதிரி இருக்கிறது. ஏன்?

சாதாரணப் பெயின்டில் இருக்கும் நிறத்தூள் ஒளியை மறைக்கும். உங்களுக்கு வேண்டியது 'கிளியர் ரெட்' என்று விற்கும் ஒளிபுகும் பெயின்ட். டமியா என்ற மாடல் பெயின்ட் நிறுவனத்தின் எண்களில் எக்ஸ்-27 சிவப்பு, எக்ஸ்-26 ஆரஞ்சு, எக்ஸ்-23 நீலம். இவ்வளவு சிறிய விளக்குக்கு பிரஷ் வேண்டாம். பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, உட்பக்கத்தின் நடுவில் வையுங்கள். அது தானாகவே ஓரம்வரை பரவி நிற்கும். பிரஷ் என்றால் இழுத்த கோடு தெரியும்; ஒளிபுகும் நிறத்தில் ஒரு கோடு விழுந்தால் இரட்டை அடுக்கு, அதாவது இரட்டிப்புக் கருமை. காய்ந்ததும் பின்னால் ஒரு துண்டு அலுமினியத் தாள் வைத்துப் பாருங்கள், நிஜ விளக்கு மாதிரி மின்னும்.

உணவுக்குப் போடும் கலர் போதாதா?

நேராகப் பூசினால் தாமரை இலைத் தண்ணீர்தான், முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். தண்ணீரில் கரையும் வார்னிஷில் கலந்தால் ஒட்டும், ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். கண்ணாடி ஓவியத்துக்கான பெயின்ட் இதைவிட நல்லது.

விமானத்தின் காக்பிட் மூடிக்கு லேசான புகை நிறம் வேண்டும். வார்னிஷில் கறுப்புப் பெயின்ட் கலந்தேன், தூசி படிந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். கறுப்புப் பெயின்டில் இருப்பது கரித்தூள், கரைந்த சாயம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாகத் தெரியும். புகை நிறத்துக்கென்றே 'ஸ்மோக்' இருக்கிறது (எக்ஸ்-19). லேசாகப் பழுப்பு கலந்த கறுப்பு அது.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவி) இருந்தால் மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். இல்லாதவர்களுக்கு முக்கி எடுக்கும் முறை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தரை பாலிஷில் சில சொட்டு சாயம் கலந்து, மூடியை இடுக்கியால் பிடித்து மெதுவாக இறக்கி, அதைவிட மெதுவாகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் குமிழி வரும். தூக்கியதும் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு தொங்கும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ஓரத்தை டிஷ்யூ தாளில் தொட்டுக்கொண்டே நிறுத்தி வைத்தால் மிச்சத்தைத் தாள் உறிஞ்சிவிடும். இல்லையென்றால் காய்ந்த பிறகு ஓரம் முழுக்கக் கறுப்புக் கரை. அப்புறம் ஒரு டப்பாவால் மூடி, ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள்.

பிடிக்கவில்லையா? அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தில் ஊறவைத்தால் பாலிஷ் கழன்றுவிடும். திருப்பிச் செய்யலாம்.

துணிச் சாயத்தில் கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக்கே நிறமாகிவிடுமாமே, உண்மையா சார்?

உண்மை. ஆனால் பருத்திச் சாயம் உதவாது, பாலியெஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் லென்சுக்கும் இப்படித்தான் சூடான சாயத் தொட்டியில் முக்கி நிறமேற்றுகிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் நெகிழ, சாயம் உள்ளே இறங்குகிறது. பெயின்ட் மாதிரி உரிந்து வராது.

சிக்கலும் அந்தச் சூட்டில்தான். பாலிகார்பனேட் ஏறக்குறைய 147 டிகிரிவரை விறைப்பாக நிற்கும், கொதிநீரைப் பற்றிக் கவலையில்லை. அக்ரிலிக் 105 டிகிரி வாக்கில் இளகும், பாலிஸ்டைரீன் 100. பிஇடிஜி என்ற இன்னொரு ஒளிபுகும் பிளாஸ்டிக் 80 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். பாலிஸ்டைரீன் மூடி ஒன்றை 'ஒரே ஒரு நிமிஷம்' என்று கொதிநீரில் போட்டு, அப்பளம் மாதிரி நெளித்து எடுத்தவன் நான். மாடல் கிட்டில் (பாகங்களாக வாங்கி ஒட்டும் பெட்டியில்) வரும் மெல்லிய பாகங்களுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நைலான் நன்றாகச் சாயம் பிடிக்கும். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் எவ்வளவு நேரம் போட்டாலும் பிடிக்காது.

பாகத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கருமையாக்குவது எளிது, குறைப்பது நடக்காத காரியம். அந்தப் பாத்திரம் அதோடு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சாயம் சீக்கிரம் இறங்க அசிட்டோன் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அடுப்பு எரியும் இடத்தில் அதைத் திறக்கவே வேண்டாம்.

ரிமோட் கார் பாடியின் ஜன்னல்களுக்கு எப்போது டின்ட் அடிப்பது?

கடைசியில். பாலிகார்பனேட் பாடிக்கு எல்லா நிறமும் உட்பக்கம்தானே. ஜன்னலை மாஸ்க் செய்து (பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்து) பாடி நிறத்தை முடித்து, மாஸ்கை உரித்து, உள்ளே முழுக்க ஸ்மோக் அடித்துவிடலாம். பாடி நிறத்தின் பின்னால் போவதால் வெளியே தெரியாது. பாலிகார்பனேட்டுக்கான ஸ்பிரேதான் வேண்டும். மற்றது முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும். அதே ஸ்பிரேயைப் பாலிஸ்டைரீன் கிட்டில் அடித்தால் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

அக்ரிலிக் தகட்டை ஆல்கஹாலால் துடைத்தேன். ஓரமெல்லாம் மயிரிழை விரிசல்!

லேசரில் வெட்டியதா, சூடாக்கி வளைத்ததா? அப்படிப்பட்ட இடத்தில் இறுக்கம் உள்ளே தங்கியிருக்கும். ஆல்கஹாலோ தின்னரோ பட்டதும் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வந்த விரிசல் போகாது. அடுத்த முறை சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

யுவி ரெசினில் (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசினில்) கருநீலம் கலந்தேன். மேலே கெட்டி, உள்ளே பிசுபிசுப்பு.

நீங்கள் போட்ட நிறமே யுவி ஒளியை மறித்துவிட்டது. ஒன்றிரண்டு மில்லிமீட்டராக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக யுவி ஒளியில் இறுக வையுங்கள். நிறத்தையும் பாதியாகக் குறையுங்கள்.

சிவப்பு லென்சுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டேன், மங்கலாக இருக்கிறதே?

வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பொருள்) பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. உங்கள் லென்ஸ் மற்றதையெல்லாம் வடிகட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன? சிவப்பு எல்இடியே போடுங்கள், லென்சுக்கு லேசான சாயம் போதும்.

ஹெல்மெட் முகக் கண்ணாடிக்கு? கிரகணம் பார்க்க?

இரண்டுக்கும் கூடாது. கரைப்பான் பட்ட முகக் கண்ணாடி அடிபடும்போது தாங்காது. வீட்டில் சாயமேற்றிய பிளாஸ்டிக் எவ்வளவு கறுப்பாகத் தெரிந்தாலும் கண்ணைக் கெடுக்கும் கதிரை உள்ளே விடலாம்.

எத்தனை கோட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டம் இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பிளாஸ்டிக்தான். ஒரு துண்டில் ஒரு கோட், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று அடித்துக் காயவைத்து, மாடலின் மேலேயே வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருட்டான காக்பிட் மேல் அதே நிறம் ஒரு படி கூடுதலாகத் தெரியும். நான் எப்போதும் பிடித்ததற்கு ஒரு கோட் குறைவாகவே நிறுத்துகிறேன்.