ஜிப்மருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

எனக்குப் புதுச்சேரி ஜிப்மரில் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. என் கணவருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு அலுவலகத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. இப்போது திருச்சியில் இருக்கிறோம். மகள் வரும் ஜூனில் ஆறாம் வகுப்புப் போகிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். முட்டிவலி, படி ஏற முடியாது. கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கம் வீடு எடுத்தால் இருவருக்கும் சரிபாதி தூரம், வாடகையும் குறைவு என்கிறார் கணவர். தரகர் ஒருவர் புதுச்சேரி ரெயின்போ நகரில் தரைத்தள வீடு ஒன்றைக் காட்டினார். வீடு நன்றாகவே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மனை வாங்கும் எண்ணமும் உண்டு. எந்தப் பக்கம் பார்க்கலாம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நடுவில் வேண்டாம். ஜிப்மர் பக்கமே வீடு பாருங்கள். தினசரிப் பயணம் உங்கள் கணவருடையதாக இருக்கட்டும்.

அவருக்குப் பகல் வேலை. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குப் புதுச்சேரி–கடலூர் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமே இல்லை. உங்களுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரவுப் பணி முடிந்து கண் எரிய வெளியே வரும்போது கிருமாம்பாக்கம் வரை வண்டி ஓட்டக் கூடாது. நடுவில் குடியிருந்தால் இரண்டு பேரும் தினமும் சாலையில். மாமியாருக்கோ மகளுக்கோ அவசரம் என்றால் உங்கள் இருவரில் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஆறுகள். புதுச்சேரியிலிருந்து தெற்கே போனால் அரியாங்குப்பத்திலும் நோணாங்குப்பத்திலும் சங்கராபரணியின் இரண்டு கிளைகளைக் கடக்க வேண்டும். கடலூருக்குள் நுழையும் முன் தென்பெண்ணை. நீங்கள் நினைக்கும் ஊர்கள் இவற்றுக்கு நடுவே இருக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மழை விட்ட பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர், பெண்ணையாற்றின் இரு கரையிலும் உள்ள பாகூர்ப் பக்கத்து ஊர்களிலும் கடலூர் ஓரத்துக் கிராமங்களிலும் புகுந்தது. புதுச்சேரி–கடலூர் சாலையில் போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட நாளில் நடுவில் இருப்பவர் வடக்கேயும் போக முடியாது, தெற்கேயும் போக முடியாது. உங்கள் கணவருக்கு அன்று அலுவலகம் விடுமுறையாக இருக்கலாம். மருத்துவமனை விடுமுறை விடாது.

அந்தப் பகுதியே ஆகாது என்று சொல்லவில்லை. பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயே வேலை என்றால் அங்கேயே இருப்பதுதான் சரி. ஆனால் அந்த ஊர்கள் இருக்கும் பாகூர்ப் பகுதி புதுச்சேரியின் நெற்களஞ்சியம். நேற்றுவரை நடவு நட்ட வயலில் இன்று மனைக் கல் நடுகிறார்கள். தண்ணீர் தேங்குவதற்கென்றே வரப்பு போட்ட நிலம் அது.

இப்போது ரெயின்போ நகர். வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது வெயில் நாளாக இருக்கும். லாஸ்பேட்டையும் கோரிமேடும் செம்மண் மேடு. அங்கே விழும் மழை கிழக்கே கடலை நோக்கி இறங்கி வரும் வழியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சதுக்கம் பக்கத்துப் பள்ளத்தில் நிற்கிறது. கடல் ஏற்றமாக இருந்தால் வாய்க்கால் வடியாது. படி ஏற முடியாத மாமியாரோடு அங்கே தரைத்தளத்தில் குடியேறக் கூடாது. மாடி வீடு என்றால் அவரை வெளியே கூட்டிவரவே ஆள் வேண்டும். ஆகவே அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள்.

எந்த வீட்டைப் பார்த்தாலும் சுவரைக் கவனியுங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தாலும் காம்பவுண்டின் உள்பக்கத்திலும் படிக்கட்டுக்கு அடியிலும் பழுப்புக் கோடு தெரியும். பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷினை சிமென்ட் கட்டை மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா, இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருக்கிறதா, சுவரில் அலமாரி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்மீட்டர் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல் மாற்றிய தழும்பு இருந்தால் காரணம் கேளுங்கள். பழைய நகர்களில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, வாசலிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி இறங்கும்படி ஆகிவிட்டது. அப்படி இறங்கும் வீட்டுக்கு வாடகை எவ்வளவு குறைந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சம்ப் மூடி சாலையைவிட ஒன்றரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெருமழையில் சாக்கடை குடிதண்ணீரில் கலக்கும். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், “2015, 2021, 2024, இந்த மூன்று வருஷமும் தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள். “மழைக்கு வருமா?” என்று பொதுவாகக் கேட்டால் யாரும் “வராது” என்றுதான் சொல்வார்கள். வருடத்தைச் சொல்லிக் கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள்.

தண்ணீர்ச் சோதனையும் அதே நாளில் முடியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, போர் தண்ணீரைத் தனியாகவும் அரசுக் குழாய்த் தண்ணீரைத் தனியாகவும் அளந்து பாருங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீருக்கு 500 வரை ஏற்கலாம். வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடலோரத்தில் போர் உப்பாகிக்கொண்டே வருகிறது. நல்ல மழைக்குப் பிறகு அளந்தால் குறைவாகக் காட்டும், மே மாத அளவுதான் உண்மையான அளவு. மீட்டர் இல்லாவிட்டால் குழாய் வாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகிறதா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பதில் வரும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது கோரிமேடு, லாஸ்பேட்டையின் மேட்டுப் பகுதி. அங்கே கிடைக்காவிட்டால் மூலக்குளம், ரெட்டியார்பாளையம். அங்கும் தெருவுக்குத் தெரு மாறும், மேலே சொன்ன சோதனை வேண்டும். கடற்கரைச் சாலைப் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை. சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகளில் அந்த இடமே திணறும்.

கணவருக்கு ஒரு வழி சொல்கிறேன். பேருந்து நிலையம் போய் ஏறினால் முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வார். கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டி தேங்கும். திறந்த பிறகும் கலைய நேரமாகும். 100 அடி சாலையில் ரயில் பாதைக்கு மேம்பாலம் இருக்கிறது. இருசக்கர வண்டியில் அந்த வழியே மரப்பாலம் வந்து, வண்டியை நிறுத்திவிட்டு அங்கே கடலூர்ப் பேருந்து ஏறட்டும். கடலூர்ப் பேருந்து நிலையம் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. அதற்கு முன்பே மஞ்சக்குப்பம் வந்துவிடும், இறங்கிக்கொள்ளலாம். வீடு மூலக்குளம் பக்கம் என்றால் மரப்பாலம் இன்னும் சுலபம்.

வீடு பார்க்கும் முன் மகளின் படிப்பைப் பற்றி முடிவெடுங்கள். அதற்கு இதுதான் சரியான வயது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. தனியார் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ., தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இரண்டும் உண்டு. புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியே இடம் கேட்க, தொடர்ந்து ஐந்து வருடம் புதுச்சேரியில் குடியிருந்ததற்கான சான்றிதழ் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே இருந்தால் பன்னிரண்டு முடிவதற்குள் ஐந்து வருடம் தாராளமாக நிறையும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்கமாட்டார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில்தான் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் அங்கும் இங்கும் மாறினால் அந்த ஒதுக்கீடு போய்விடும்.

தமிழ்நாட்டுப் படிப்புத்தான் வேண்டும் என்றால், ஜிப்மரைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே பட்டானூர். அது விழுப்புரம் மாவட்டம். நிலம் மேடு, உங்கள் மருத்துவமனைக்கும் பக்கம். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உண்டு. ஆனால் ஊராட்சிப் பகுதி என்பதால் கழிவுநீர் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் எவ்வளவு பெரிது, லாரி உள்ளே வர வழி இருக்கிறதா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் வருடங்கள் புதுச்சேரிக் குடியிருப்புக் கணக்கில் சேராது. முத்தியால்பேட்டையை அடுத்த கோட்டக்குப்பமும் அப்படித்தான், பார்க்கப் புதுச்சேரி, பத்திரத்தில் தமிழ்நாடு. வாடகை ஒப்பந்தத்தில் மாவட்டப் பெயரைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பட்டியல் சாதிச் சான்றிதழ் உள்ள குடும்பமாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பிறகு குடிபெயர்ந்தவர்களுக்குப் புதுச்சேரியின் ஒதுக்கீடு அப்படியே கிடைக்காது. அப்போது மகளின் படிப்பைத் தமிழ்நாட்டுப் பக்கம் வைப்பதே நல்லது.

புதுச்சேரிக்குள் குடியேறினால் முதல் மாதத்திலிருந்தே காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தம், அதைப் புதுப்பித்த ஒவ்வொரு நகல், எரிவாயு இணைப்பு முகவரி, மகளின் பள்ளிச் சான்று எல்லாம் வேண்டும். சில வீட்டுக்காரர்கள் எழுத்தில் ஒப்பந்தம் போட மறுப்பார்கள். அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். திருச்சி ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று வாங்கிவிட்டே கிளம்புங்கள்.

மனையை ஒரு ஐப்பசி, கார்த்திகை பார்த்த பிறகு யோசியுங்கள். பேசி முடிக்கும் முன் மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடத்தில் போய் நில்லுங்கள். புதுச்சேரியில் குழிக் கணக்கு சொல்வார்கள். அங்கே ஒரு குழி 576 சதுர அடி, தமிழ்நாட்டில் பல ஊர்களில் 144. பத்திரத்தில் சதுர அடியிலேயே எழுதச் சொல்லுங்கள். அங்கீகாரம் புதுச்சேரிக்குள் திட்டக் குழுமத்துடையது, பட்டானூர்ப் பக்கம் நகர் ஊரமைப்பு இயக்ககத்துடையது. ஒன்றுக்கு மற்றொன்று செல்லாது. கடலோர மனை என்று யாராவது ஆசை காட்டினால், துறைமுகத்துக்கு வடக்கே பொம்மையார்பாளையம் வரை கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும் இடங்களை ஒருமுறை நேரில் பாருங்கள். 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு தெற்கிலிருந்து நகரும் மணல் அங்கேயே தேங்கிவிடுகிறது, வடக்கே கரை கரைகிறது.