சைக்கிள் ஷூ குதிகாலைக் கடிக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் முதன்முறையாகக் கிளீட் (ஷூவின் அடியில் திருகப்பட்டு, பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டை) பொருத்திய சைக்கிள் ஷூ வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புகிறேன். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு குதிகால்களின் பின்பக்கமும் கொப்புளித்துவிடுகிறது. போடப் போடச் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார் என் மாமியார். நான் யார் பேச்சைக் கேட்பது?
வங்கி ஊழியர், திருவான்மியூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வது தோல் செருப்புக்குப் பொருந்தும். புதுச் செருப்பு கடித்தால் அதன் விளிம்பில் எண்ணெயோ மெழுகோ தேய்த்து, சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்குவது நம் வீடுகளில் வழக்கம். தோல் எண்ணெயை உறிஞ்சி, நெகிழ்ந்து, காலின் வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் இன்றைய சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கை இழைகளால் ஆனவை. குதிகாலைச் சுற்றிய பகுதிக்குள் கெட்டியான பிளாஸ்டிக் வார்ப்பு இருக்கும். அடிப்பாகமோ நைலானாலோ கார்பன் இழையாலோ செய்யப்பட்டு, கையால் வளைத்தாலும் வளையாது. இவை எண்ணெயை உறிஞ்சுவதில்லை. நாள்பட இளகுவதும் மிகக் குறைவு. ஆகவே, பழகிவிடும் என்று நம்பிப் புண்ணோடு இன்னும் இரண்டு மாதம் ஓட்டாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தோல் மேலே தேய்வதால் கொப்புளம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே தேய்ந்தால் உண்டாவது சிராய்ப்பு. கொப்புளம் அடியிலிருந்து வருவது. வியர்வையால் மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே குதிகால் எலும்பு மட்டும் ஏறி இறங்கும்போது, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட அடுக்குகள் திரும்பத் திரும்ப இழுபட்டு, ஒரு கட்டத்தில் உள்ளே பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு காலும் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை சுற்றுகிறது. நான்கு மணி நேரப் பயணத்தில் அது 19,000 முறையைத் தாண்டிவிடும். குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே கொப்புளத்துக்கு அது போதுமானது. எனவே நாம் முதலில் நிறுத்த வேண்டியது குதிகாலின் அசைவைத்தான். களிம்பும் பட்டியும் அதற்குப் பிறகுதான்.

அசைவுக்கு நான் அடிக்கடி காணும் காரணம், தேவைக்கு மேல் நீளமான ஷூ. வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதை இந்தியர்களிடம் நடத்தி 2009-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஐரோப்பிய அச்சில் வார்த்த சைக்கிள் ஷூக்களோ பெரும்பாலும் ஒடுக்கமானவை. கடையில் போட்டுப் பார்க்கும்போது விரல்கள் நெரிகின்றன. உடனே ஓர் அளவு பெரியதை வாங்கிவிடுகிறோம். அகலம் சரியாகிறது, ஆனால் நீளம் கூடிப்போய்க் குதிகால் உள்ளே தளர்ந்துவிடுகிறது. அதே நீளத்தில் அகல அச்சு உள்ள ஷூவைக் கேட்டு வாங்குவதே இதற்குச் சரியான வழி; சில நிறுவனங்கள் அப்படித் தனியாகத் தயாரிக்கின்றன. வெயிலிலும் பயணத்திலும் பாதம் சற்று வீங்கும் என்பதால், மாலை நேரத்தில், ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு அளவு பாருங்கள். விரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையில் சிறிது இடம் இருக்க வேண்டும். ஆனால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கக் கூடாது.

புதிதாக வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் ஷூவைச் சோதித்துவிடுங்கள். ஷூவை மாட்டிக்கொண்டு குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே பட்டைகளைக் கட்ட வேண்டும். பலர் உட்கார்ந்த வாக்கில், விரல்கள் முன்னால் போய் முட்டிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள்; பின்னால் விழுந்த அந்த இடைவெளி பயணம் முழுவதும் அப்படியே இருக்கிறது. விரல் பக்கத்துப் பட்டையை இலேசாகவும், கணுக்கால் பக்கத்துப் பட்டையை நன்றாகவும் கட்டுங்கள், ஏனெனில் குதிகாலைப் பிடித்து நிறுத்துவது அந்த மேல்பட்டைதான். பிறகு வேறொருவரை ஷூவின் முன்பகுதியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குதிகாலை மேலே தூக்கிப் பாருங்கள். ஷூவும் கூடவே எழ முயன்றால் அளவு சரி. கால் மட்டும் உள்ளே வழுக்கி எழுந்தால், உள்ளங்கால் வளைவைத் தாங்கும் சற்றுத் தடித்த இன்சோல் (ஷூவின் உள்ளே போடும் அடியட்டை) ஒன்றைப் போட்டு மீண்டும் சோதியுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் அந்த ஷூ உங்கள் காலுக்கு ஆகாது.

மாமல்லபுரத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நடக்கும்போது பாதம் விரல்களின் அடியில் வளைய வேண்டும். வளையாத அடிப்பாகத்தோடு நடந்தால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் ஷூவை விட்டு எழும்பியே தீரும். சைக்கிளில் வந்ததென்று நாம் நினைக்கும் கொப்புளம் சில சமயம் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் நடந்த நடையில் வந்ததாக இருக்கும். இறங்கி நடப்பது வழக்கமென்றால், கிளீட் உள்ளடங்கி, ரப்பர் அடி வைத்த, கிளீட்டை இரண்டு திருகுகளால் பொருத்தும் வகை ஷூவே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: எனக்கு வலது குதிகாலில், அதுவும் உள்பக்கத்தில் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் வருகின்றன. இடது காலில் ஒன்றுமே இல்லை. ஷூவில் குறை என்றால் இரண்டு காலிலும் வர வேண்டாமா?
ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு காலில் மட்டும் வருவது பெரும்பாலும் கிளீட்டின் கோணத்தாலோ, இருக்கையின் உயரத்தாலோ, இரு பாதங்களுக்கும் உள்ள அளவு வேறுபாட்டாலோதான். முதலில் வலது ஷூவின் உள்துணியையும் அந்தக் காலுக்குரிய சாக்ஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி பளபளத்தோ நூல் மெலிந்தோ தெரியும் இடத்தில்தான் கால் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அடையாளம் உள்பக்கச் சுவரில் இருந்தால், உங்கள் குதிகால் சைக்கிளை நோக்கித் திரும்ப விரும்புகிறது, கிளீட் அதைத் திரும்ப விடாமல் தடுக்கிறது என்று கொள்ளலாம்.

உயரமான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளரத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பாதமும் இயல்பாக எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரியும். இரண்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வலது பாதத்தின் விரல்கள் வெளிநோக்கி நின்றால், கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கமாகச் சிறிதளவு திருப்புங்கள். பழைய இடத்தைப் பேனாவால் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஓரிரு பாகைக்கு மேல் மாற்றாமல், இரண்டு மூன்று பயணம் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள். முழங்கால் வலி புதிதாகத் தலைகாட்டினால் உடனே பழைய கோட்டுக்கே திரும்பிவிட வேண்டும்.

பெடலில் பூட்டியிருக்கும்போதே பாதம் சற்றுத் திரும்பக் கிளீட் தரும் அசைவுச் சுதந்திரத்தையும் பாருங்கள். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் கட்டுகளைத் தயாரித்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984-ஆம் ஆண்டு கிளீட்டைப் பூட்டிக்கொள்ளும் இவ்வகைப் பெடலை அறிமுகம் செய்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். இன்று அந்த நிறுவனத்தின் கியோ வகைக் கிளீட்டில் கறுப்பு நிறத்துக்கு அசைவே கிடையாது, சாம்பல் நிறத்துக்கு 4.5 பாகை, சிவப்புக்கு 9 பாகை. ஷிமானோ நிறுவனத்தின், மூன்று திருகுகளால் பொருத்தும் வகையிலோ சிவப்புக்குத்தான் அசைவு கிடையாது. நீலத்துக்கு 2 பாகை, மஞ்சளுக்கு 6 பாகை. நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் சிவப்பால் ஏமாந்துபோவதுண்டு. உங்களைப் போல் ஒரு பக்கம் மட்டும் புண்ணாகிறவர்களுக்கு அதிக அசைவு தரும் கிளீட்டே நல்லது.

இருக்கை உயரமாக இருந்தால், பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, குதிகால் ஷூவுக்குள் மேலே இழுக்கப்படும்; நீளம் குறைந்த கால் எதுவோ அதுதான் முதலில் பாதிக்கப்படும். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்க வேண்டும். பின்னால் வருபவரிடம் உங்கள் இடுப்பு இருபுறமும் ஆடுகிறதா என்று கேளுங்கள். ஆடினால் இருக்கையை மூன்று மில்லிமீட்டர் இறக்குங்கள். பாத அளவில் வேறுபாடு இருந்தால் பெரிய பாதத்துக்கு ஏற்ற ஷூவை வாங்கி, சிறிய பாதத்தின் பக்கம் தடித்த இன்சோல் போடுவதே வழி.

கேள்வி: அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட்ட இருக்கிறேன். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கே சாக்ஸ் நனைந்துவிடுகிறது. பவுடர், வாசலின், பிளாஸ்திரி ஆகியவற்றில் எது உதவும்?
கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் உண்டு என்பதால், சாக்ஸ் மாற்ற ஐந்து நிமிடம் ஒதுக்குவதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. உலர்ந்த தோலைவிட ஈரம் கசியும் தோலில்தான் உராய்வு அதிகம். பருத்திச் சாக்ஸ் அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு, பாதித் தூரத்தில் காலைத் துடைத்து, உலரவிட்டு மாற்றுங்கள். சாக்ஸின் குதிகால் தையல் உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். சுருக்கம் ஒன்று விழுந்தாலும் அங்கே கொப்புளம் வரும்.

பவுடரை நான் பரிந்துரைப்பதில்லை. வியர்வையில் நனைந்து கட்டிக்கொள்ளும் பவுடர், மணல் போல உறுத்தும். வாசலின் தொடக்கத்தில் உராய்வை நன்றாகக் குறைத்தாலும், சில மணி நேரத்தில் அந்தப் பயன் போய், உராய்வு முன்பைவிட அதிகமாவதும் உண்டு. நீண்ட பயணத்தில் திரும்பத் திரும்பத் தடவ வேண்டியிருக்கும். வியர்வையை அடக்கும் மருந்து பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்கள் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை முந்தைய இரவுகளில் பாதங்களில் தடவிக்கொண்டு 21 கிலோமீட்டர் நடந்தார்கள். மருந்தை முறையாகத் தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத கரைசலைத் தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. ஆனால் மருந்து தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல் கண்டதால், தோல் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியையே நான் சொல்வேன். மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பல நாள் நீளும் 250 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயங்களில் ஓடிய 128 பேரிடம் இதைச் சோதித்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் எழுதினார்கள். கிளம்புவதற்கு முன், எண்ணெய்ப் பசை இல்லாத உலர்ந்த காலில், பாதத்தைக் கணுக்காலில் மடக்கி வைத்துக்கொண்டு, முனைகளை வட்டமாக வெட்டிய ஒரே துண்டைச் சுருக்கமின்றி ஒட்டி, உள்ளங்கையின் சூட்டில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முனைகளை வட்டமாக வெட்டாவிட்டால் சாக்ஸ் மாட்டும்போதே அவை சுருண்டுவிடும். வழியில் குதிகாலில் சூடு தெரிய ஆரம்பித்தால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காமல் அங்கேயே இறங்கிப் பாருங்கள். தோல் சிவந்திருக்கும் அந்தக் கட்டத்தில் கொப்புளத்தைத் தடுத்துவிடலாம்.

கேள்வி: வந்துவிட்ட கொப்புளத்தை உடைக்கலாமா? என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.
இல்லத்தரசி, மதுரை

பதில்: உங்கள் கணவர் அதைத் தொடவே கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் பெரிதாவதுகூடத் தெரியாது. கொப்புளம் எவ்வளவு சிறியதானாலும் மருத்துவரிடம் காட்டி, முழுமையாக ஆறும் வரை அவர் அந்த ஷூவைப் போடாமல் இருக்கட்டும். மற்றவர்களும் வலியில்லாத சிறு கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உடையாத மேல்தோலைவிட நல்ல கட்டு இல்லை. பெரிதாகி விண்ணென்று வலித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். ஆனால் மேல்தோலை உரித்துவிடாமல், அதன் மேலேயே சுத்தமான கட்டுப் போட வேண்டும். சுண்ணாம்பு, பற்பசை போன்றவற்றைப் பூசாதீர்கள். சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கொப்புளம் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடத்துக்குச் சற்று மேலே எலும்பு போலக் கெட்டியான ஒரு புடைப்பு இருக்கிறது. ஷூ பட்டாலே வலிக்கிறது.
தொழிற்கூட உரிமையாளர், ஈரோடு

பதில்: சுவீடன் நாட்டு மருத்துவர் பாட்ரிக் ஹக்லுண்ட் 1928-ஆம் ஆண்டு விவரித்த எலும்புப் புடைப்பாக அது இருக்கலாம். குதிகால் எலும்பின் மேல்புறம் இயல்பாகவே துருத்தியிருப்பவர்களுக்கு, கெட்டியான ஷூவின் பின்பகுதி இடைவிடாமல் அழுத்துவதால், தசைநாணுக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள சிறு நீர்ப்பையும் வீங்கிவிடும். பிளாஸ்திரி ஒட்டுவதோ பட்டையை இன்னும் இறுக்குவதோ இங்கே உதவாது. இறுக்கினால் வலி கூடும். எலும்பு மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை சாதாரணப் பெடலைப் பொருத்தி, பின்பகுதி மென்மையான ஷூவோடு, குறைந்த தூரம் மட்டும் ஓட்டுங்கள். புதிய சைக்கிள் ஷூ வாங்கும்போது, பின்விளிம்பு தாழ்ந்ததாகவும் சூடாக்கி வடிவம் மாற்றக்கூடியதாகவும் பார்த்து, புடைப்பு இருக்கும் இடத்தை ஷூவின் மேல் சாக்கட்டியால் குறித்துக் காட்டி, அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளித் தரும்படி கேளுங்கள்.