ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. திருத்தப் போனால் ஏன் இப்படி அலைய விடுகிறார்கள்?

வேலை மாறும்போதோ கடன் கேட்கும்போதோதான் இதைக் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வயது இருக்கிறது, அலைந்துவிடலாம். எங்கள் வீட்டில் அலைந்தது என் அப்பா.

பஞ்சாலையில் 26 வருடம் வேலை பார்த்தவர். 58 வயதில் ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்தோம். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. தமிழில் அவர் கே. பழனிச்சாமி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வினை. ஆலையில் சேர்ந்த அன்று குமாஸ்தா 'சி எச்' போட்டு எழுதியிருக்கிறார். ஆதார் எடுத்தவர் 'எஸ்' போட்டு, இனிஷியலையும் விரித்துத் தாத்தா பெயரைப் பின்னால் சேர்த்துவிட்டார். இரண்டையும் அப்பா எழுதவில்லை, அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

ஆதாரை மாற்றலாம் என்றால், பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும். வங்கிக் கணக்கும் பானும் ஏற்கெனவே அந்த எழுத்துப்படிதான் இருந்தன. ஆகவே பி.எஃப். பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திட்ட படிவம் கேட்டார்கள். ஆலையோ கை மாறிவிட்டது. பழைய ரெஜிஸ்டர் எங்களிடம் இல்லை என்றது புது நிர்வாகம். நான்கு முறை போனோம், நான்கு முறையும் கேட்டிலேயே உட்கார வைத்தார்கள். அதே கேட் வழியாகத்தான் அத்தனை வருடமும் ஷிப்டுக்குப் போனார்.

நடுவில், ஓடிபி வருவதற்காக ஆதாரில் மொபைல் எண்ணைச் சேர்க்கப் போனோம். நூல் பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். "அழுத்தி வைங்க பெரியவரே" என்று அந்தப் பையன் சொல்லச் சொல்ல, தப்பு செய்தவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கருவிழியை வைத்துத்தான் முடிந்தது.

பழைய சம்பளச் சீட்டுகளை டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அதில் டோக்கன் எண் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொன்னதும் ரெஜிஸ்டர் கிடைத்தது. அப்புறம் கையெழுத்து, சீல். பணம் வந்து சேர ஏழு மாதம்.

இதெல்லாம் ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை என்று யாராவது எழுதுவீர்கள். 2017 அக்டோபர் 1 முதல் யுஏஎன் (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் தரும் நிரந்தர எண்) பெற்று, அதை ஆதாரோடு சரிபார்த்தவர்கள் 2025-இலிருந்து நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே பெயரைத் திருத்திக்கொள்ள முடிகிறது, உண்மைதான். அப்பாவுடையது அதற்கு முந்தியது. ஊழியர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவும் இல்லை. எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கவுன்ட்டர் அம்மா இல்லையென்றால் எங்களுக்கு வழியே தெரிந்திருக்காது.

பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்குப் போனால் பாஸ்புக் மெஷின் ரிப்பேர். எப்போது போனாலும் ரிப்பேர். மொபைலில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு அச்சடித்த அந்த ஒரு வரிதான் நம்பிக்கை. அந்த ஒரு மெஷினை ஓட வைக்க முடியாதா?

சரி, உங்கள் விஷயம். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதாரில் இனிஷியலோடே இருந்துவிடும். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் பெயர் பிரிகிறது. முதலில் ஆதாரில் இனிஷியலை விரித்துப் போடுங்கள், பிறகு அதே எழுத்துப்படி பானைத் திருத்துங்கள். மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். பழைய சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.