நிர்வாகக் குழுவில் இடையூறு செய்யும் உறுப்பினரை எப்படிச் சமாளிப்பது?

அடுத்தவரைப் பேசவிடாமல், முடிந்துபோன தீர்மானத்தையே திரும்பத் திரும்பக் கிளறி, கூட்டத்தை நகரவிடாமல் செய்பவரைத்தான் இப்படிச் சொல்கிறோம். எதிர்த்து வாக்களிப்பவரை இதில் சேர்க்கவே கூடாது.

பெரும்பாலும் வேர்க்காரணம், தன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்ற மனக்குறைதான். அதனால் தலைவர் முதலில் அவருடன் தனியே உட்கார்ந்து பேச வேண்டும். அவருடைய ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பாதிச் சூடு அங்கேயே தணியும்.

அப்புறம் விதி. 1876இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் வெளியிட்ட கூட்ட விதிகளின்படி, ஒரு பொருள்மீது ஒருவர் இரண்டு முறை, முறைக்கு 10 நிமிடம்தான் பேசலாம். சாலை சிக்னல் மாதிரி, சிவப்பு விழுந்தால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.

தலைவர் நினைத்தால் ஒருவரை நீக்கிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள்; பொதுவாக, அமைப்பின் துணைவிதிகள் சொல்லும் வழியில், முன்னறிவிப்பு கொடுத்து, வாக்கெடுத்துத்தான் நீக்க முடியும்.