எட்டில் ஆறு, கடைசிப் பன்னிரண்டு மாதம் முழுதாக: வெளிநாட்டுத் துணையின் குடியுரிமை பற்றிய கேள்வி பதில்

என் மனைவி மொரீஷியஸில் பிறந்தவர். அவருக்கு இந்தியக் குடியுரிமை வாங்கி முடிப்பதற்குள் எனக்கு இந்தச் சட்டப் பிரிவுகள் மனப்பாடம் ஆகிவிட்டன. நான் வழக்கறிஞன் இல்லை. முப்பது ஆண்டு கணக்குப் பிரிவில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன்; பார்க்கப்போனால் இந்த வேலைக்குச் சட்டப் படிப்பைவிட அதுதான் உதவியது. போன ஞாயிறு எங்கள் அடுக்ககத்தின் கூட்ட அறையில் பலர் கேட்டதையும் நான் சொன்னதையும் கேட்டவர்களின் பேட்டைப் பெயரோடு எழுதி வைக்கிறேன்.

வேளச்சேரி: சார், என் மனைவி பிரான்ஸ் நாட்டவர். எங்களுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டு முடிந்துவிட்டது. இனி விண்ணப்பித்துவிடலாம் அல்லவா?

திருமணமாகி ஏழு ஆண்டு என்பது வேறு, இங்கே வசித்து ஏழு ஆண்டு என்பது வேறு. பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு, இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர், விண்ணப்பிப்பதற்கு முன் ஏழு ஆண்டு இந்தியாவில் ‘சாதாரணமாக வசிப்பவராக’ இருக்க வேண்டும் என்கிறது. முன்பு இது ஐந்து ஆண்டாக இருந்தது. 2003இல் கொண்டுவந்த திருத்தம் ஏழாக்கியது.

அந்த ஏழையும் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் முழுவதும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய எட்டு ஆண்டுகளில், மொத்தமாகக் கூட்டினால் ஆறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். உங்கள் மனைவி அந்த ஏழு ஆண்டில் எத்தனை மாதம் பாரிசில் இருந்தார் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. திருமணம் ஏழு ஆண்டு நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. படிக்கவோ வேலைக்கோ முறையான விசாவில் வந்து, பல ஆண்டு இங்கே இருந்துவிட்டு, பிறகு மணந்தவர்கள் முந்தைய ஆண்டுகளை மறந்துவிட வேண்டாம்.

அம்பத்தூர்: என் மனைவி மலேசியத் தமிழர். 2016 ஜூன் முதல் என்னோடு இங்கேதான் குடித்தனம். தைப்பூசத்துக்கு மட்டும் தாய் வீட்டுக்குப் போய்வருவார். 2020இல் போனவர் கொரோனாவில் மாட்டிக்கொண்டார். 2025 ஜூலை 1 அன்று விண்ணப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். சரிதானா?

இவர் கடவுச்சீட்டு நகல்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று பத்தி கோடு போட்டோம்: புறப்பாடு, வருகை, நாள். 2017, 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆறு ஆண்டுகளில் தைப்பூசப் பயணம் தலா 52 நாள்; ஆகமொத்தம் 312. 2020 பிப்ரவரி 1 அன்று போனவர் 2021 ஏப்ரல் 1 அன்று திரும்பினார். அது 425 நாள். கூட்டினால் 737.

2025 ஜூலை 1 அன்று விண்ணப்பித்தால், கடைசிப் பன்னிரண்டு மாதம் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. அந்தக் காலத்தில் அவர் எங்கும் போகவில்லை, நல்லது. எட்டு ஆண்டு என்பது 2016 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரை, அதாவது 2,922 நாள். அதில் ஆறு ஆண்டு போக மீதி ஏறத்தாழ 730 நாள்தான் வெளியே இருக்க இடம். இவருக்கு 737. ஏழே நாளில் தவறுகிறது!

அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. இந்த எட்டு ஆண்டு, சுவரில் ஆணியடித்து மாட்டிய காலண்டர் அல்ல. விண்ணப்ப நாள் தள்ளத் தள்ள அதுவும் பின்னாலேயே நகர்ந்து வரும். 2017இல் அவர் போனது ஜனவரி 15, வந்தது மார்ச் 8. விண்ணப்பத்தை 2026 மார்ச் 10க்குத் தள்ளினால், எட்டு ஆண்டு 2017 மார்ச் 10 அன்றுதான் தொடங்கும். அந்த 52 நாள் கணக்கை விட்டே வெளியேறிவிடும். மிச்சம் 685. தாராளமாகத் தேறுகிறது. ஒரே நிபந்தனை, 2026 தைப்பூசத்துக்கு அவர் பத்துமலைக்குப் போகக் கூடாது. இந்த வருடம் வடபழனி முருகனோடு திருப்திப்பட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பொதுவாக ஒரு யோசனை: புறப்பட்ட நாள், வந்து இறங்கிய நாள் இரண்டையும் வெளிநாட்டு நாளாகவே எழுதுங்கள். அதன் பிறகும் பதினைந்து இருபது நாள் கையிருப்பு இருந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் மிச்சத்தில் தேறும் கணக்கை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பெரம்பூர்: அண்ணா, என் கணவர் இலங்கைக் கடவுச்சீட்டில், முறையான விசாவில் இருக்கிறார். எட்டு ஆண்டுக் கணக்கு தேறிவிட்டது. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதம் ஓடிய நிலையில் யாழ்ப்பாணத்தில் மாமியாருக்கு உடம்பு மோசமாக இருக்கிறது. போனால் எல்லாம் போய்விடுமா?

போகச் சொல்லுங்கள், அம்மா. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5(1ஏ) என்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து, இந்தப் பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சம் முப்பது நாள் வரை தளர்த்தலாம். அந்த முப்பது நாளும் ஒரே பயணமாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் இருக்கலாம். ஆனால் இது அரசு தரக்கூடிய சலுகை, நீங்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. மருத்துவமனைக் காகிதங்கள், விமான டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முப்பதைத் தாண்டினால் பன்னிரண்டு மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். ஓர் ஆண்டு போனால் வரும். தாய் முகம் வராது.

திருவான்மியூர்: என் கணவர் அமெரிக்கர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்கும் அரசு தரும் நீண்டகால வசிப்பு அட்டை) வைத்திருக்கிறார். வேலை நிமித்தம் ஆண்டில் நான்கு மாதம் வெளியே. ஆறு ஆண்டுக் கணக்கு ஒருநாளும் தேறாது போலிருக்கிறது.

தேற வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு 5(1)(ஜி) என்று வேறு வாசல் இருக்கிறது. ஓசிஐ அட்டைதாரராகப் பதிவாகி ஐந்து ஆண்டு முடிந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருந்தால் போதும். எட்டில் ஆறு என்ற பேச்சே அதில் இல்லை. முப்பது நாள் தளர்வு இதற்கும் பொருந்தும். அந்த ஓர் ஆண்டு மட்டும் அவர் முதலாளியிடம் பேசி இங்கே உட்கார வழி பார்க்கட்டும்.

ஓசிஐ இன்னும் வாங்காதவர்கள் கவனிக்க: இந்தியரின் துணை என்ற முறையில் அதை வாங்க, பதிவு செய்த திருமணம் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அப்படி வாங்கிய அட்டை மணமுறிவு ஏற்பட்டால் ரத்தாகலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களாக இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இந்த வழி இல்லை.

அதற்கு மேல், ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வாழ, வேலை பார்க்க ஓசிஐ போதுமானதாக இருக்கிறது. வாக்குரிமையும் இந்தியக் கடவுச்சீட்டும் வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது உங்கள் வீட்டாருக்கு இருக்கிறதா?

ஆதம்பாக்கம்: என் மனைவி ஜப்பானியர். இந்தித் தேர்வு எழுத வேண்டுமாமே?

யாரோ உங்களை மிரட்டியிருக்கிறார்கள். மொழியறிவு கேட்பது இயல்புரிமை வழியில், அதாவது துணை என்ற அடிப்படை இல்லாமல் பன்னிரண்டு ஆண்டு வசித்து வாங்குகிறவர்களுக்கு. அங்கேயும் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்று தெரிந்தால் போதும். அதில் தமிழ் இருக்கிறது. துணையாகப் பதிவு செய்கிறவருக்கு அந்த நிபந்தனையே இல்லை.

போரூர்: என் மனைவி 1990இல் இலங்கையிலிருந்து குழந்தையாகப் படகில் வந்தவர். முகாமில் வளர்ந்தவர். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. எட்டில் எட்டும் இருக்கிறதே?

தம்பி, இதற்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கிவிடும். நாள் கணக்கில் உங்கள் மனைவியை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் 5(1) பிரிவு தொடங்கும்போதே ‘சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாதவர்’ என்று வாசலில் ஆள் நிறுத்திவிடுகிறது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் பயண ஆவணமும் இல்லாமல் வந்தவரையும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரையும் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது. உயிருக்கு ஓடிவந்த குழந்தையா, களவாக வந்தவரா என்று அந்த வரையறை பார்ப்பதில்லை. இது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு நேரே போகாமல், அகதிகள் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரை முதலில் பாருங்கள். முகாம் பதிவு, பிறப்புச் சான்று என்று ஒரு தாளையும் விடாமல் எடுத்துப் போங்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்த தேதியையும் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 3க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பதே போதும். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம்.

மேற்கு மாம்பலம்: மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். என் மகள் கிரீன் கார்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு இங்கே வந்து ஏழு மாதம் இருந்துவிட்டாள். அவளுடைய மூன்று ஆண்டுக் கணக்கு அறுந்துவிட்டது என்கிறார்கள்.

அறுந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், மாமி. அமெரிக்கக் குடிமகனோடு சேர்ந்து வாழும் துணைக்கு அங்கே கிரீன் கார்டோடு மூன்று ஆண்டுத் தொடர் வசிப்பு வேண்டும். அதில் குறைந்தது 18 மாதம் உடலளவில் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல், ஓர் ஆண்டுக்குள் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதை மறுத்து நிரூபிக்கலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, வேலையை விடவில்லை என்பதற்கான கடிதம், மாப்பிள்ளை அங்கேயே இருந்தது எல்லாம் உதவும். ஓர் ஆண்டை எட்டியிருந்தால்தான் உண்மையில் சிக்கல். ஆகவே பேரனுக்கு ஆண்டு நிறைவு இங்கேதான் என்று இழுத்துப் பிடிக்காமல் அனுப்பி வையுங்கள்.

முகப்பேர்: பிரிட்டனில் எப்படி?

பிரிட்டிஷ் குடிமகனின் துணை என்றால் மூன்று ஆண்டு. அதில் மொத்தம் 270 நாளுக்கு மேலும், கடைசி ஓர் ஆண்டில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் வந்திருக்க வேண்டும். அது வந்த பிறகு இன்னோர் ஆண்டு காத்திருக்கும் விதி துணைவர்களுக்கு இல்லை.

நங்கநல்லூர்: விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது? எதில் அதிகம் தவறுகிறார்கள்?

துணைக்கான படிவம் மூன்றை இணையத்தில் நிரப்பி, அச்சிட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு அது ராஜாஜி சாலை. ஹாடோஸ் சாலையில் உள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு) அலுவலகம் விசா நீட்டிப்புக்கும் வசிப்பு அனுமதிக்கும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்தவர்கள் பலர். 2009ஆம் ஆண்டு விதிகளின்படி கலெக்டருக்கு 60 நாள், மாநில அரசுக்கு 30 நாள், பிறகு டெல்லி. ஏட்டில் இருக்கும் நாட்களைச் சொன்னேன்; பொறுமையை அதைவிடக் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

தவறு என்றால் என் தவறையே சொல்கிறேன். என் மனைவி நடுவில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தார். பழையதை நான் பீரோவின் அடியில் போட்டுவிட்டு, பயணத் தேதிகளை நினைவிலிருந்து எழுதினேன். ஒரு வருகைத் தேதியில் இரண்டு வாரம் பிசகு. கோப்பு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. பழையதைத் தேடி எடுத்தால் அந்த முத்திரையின் மை மங்கிப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் மாதம் தெரிந்ததே தவிர, தேதி 3ஆ 8ஆ என்று புலப்படவில்லை. கடைசியில் விமான நிறுவனத்தின் பழைய மின்னஞ்சல் காப்பாற்றியது.

தேதியை மட்டும் ஒருபோதும் ‘சரிக்கட்டி’ எழுதாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 17ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கிடைத்த குடியுரிமையையும் 10ஆம் பிரிவில் பறிக்கலாம்.

கே.கே. நகர்: சொந்த நாட்டுக் குடியுரிமையை எப்போது விட வேண்டும்? முன்கூட்டியே விட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா?

அந்தக் காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, உண்மைதான். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்த பிறகுதான் அதைத் துறந்து, சான்றைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே துறந்துவிட்டு, இங்கே ஏதாவது தடங்கல் வந்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக நிற்க வேண்டியிருக்கும்.

என் மனைவி தன் பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்த அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. மறு ஆண்டு இந்தியக் கடவுச்சீட்டோடு மொரீஷியஸ் போனோம். விமான நிலையத்தில் கால் பழக்கத்தில் உள்ளூர்க்காரர் வரிசைக்குப் போனவர், பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து வெளிநாட்டவர் வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டார்.