மூன்றரை அடியை விடுங்கள், அரை அடியைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, நகராட்சிப் பகுதியில் அப்பா கட்டிய வீட்டில் அம்மாவும் நானும் குடியிருக்கிறோம். அப்பா காலமாகிவிட்டார். தெருவை அகலப்படுத்தி மழைநீர் வடிகால் கட்டப்போவதாகச் சொல்லி, முன்பக்கம் 4 அடிக்குள் இருக்கும் வாசல்படி, காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க் மூன்றையும் 7 நாளில் அகற்றும்படி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். 38 வருடமாகச் சொத்துவரி கட்டுகிறோம். பேரூராட்சியாக இருந்த காலத்தில் பணம் கட்டிய பி மெமோ ரசீதுகூட இருக்கிறது. பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி. பின்சுவரிலிருந்து வாசல் சுவர் வரை அளந்தால் 63½ அடி வருகிறது. எதிர்வரிசையில் கவுன்சிலரின் உறவினர் வீடு இருப்பதால் அங்கே ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. டெங்குவில் அம்மா படுத்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது சுகாதாரம் பேசுகிறார்கள். அண்ணன் வெளிநாட்டில், தங்கை வெளியூரில். 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாமே? தடையாணை வாங்க முடியுமா?

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் கவுன்சிலர் ஏழெட்டு இடத்தில் வருகிறார். 63½ அடி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. வழக்கு அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

மற்றதை முதலில் ஓரம் கட்டிவிடலாம். எதிர்வீட்டை இடிக்கவில்லை என்பது உங்கள் வீட்டைக் காப்பாற்றாது. ஒருவருக்குச் சட்டவிரோதமாகக் கிடைத்த சலுகையை எனக்கும் கொடு என்று சமத்துவத்தின் பேரில் கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லி முடித்த விஷயம். சொத்துவரி ரசீது கட்டடத்துக்கு வரி கட்டியதைக் காட்டும், மண் யாருடையது என்று காட்டாது. மின் இணைப்புக்கும் அதே கதிதான். டெங்கு வருத்தம் நியாயமானது, ஆனால் அதைப் பதிலில் எழுதினால் உங்களுக்கே எதிராகத் திரும்பும்: தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுவதால்தான் வடிகால் கட்டுகிறோம் என்று நகராட்சி வழக்கறிஞர் உங்கள் கடிதத்தையே படித்துக் காட்டுவார்.

இனி 15 நாள். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகள் குறித்துக் கொடுத்த தீர்ப்பில் 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றது உண்மை. அதே தீர்ப்பில் சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் நிற்கும் அனுமதியற்ற கட்டுமானத்துக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் பாதி மட்டும். ஆக, 15 நாள் உங்களுக்கு உண்டா இல்லையா என்பதும் அந்த இடம் தெருவா, உங்கள் பட்டாவா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

அதைப் பத்திரம் தீர்க்காது. நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதும்போது ‘நகராட்சித் தெருவுக்கு வடக்கு’ என்றுதான் எழுதியிருப்பார்கள். தெரு எங்கே முடிகிறது என்பதே தகராறாக இருக்கும்போது அந்த வரியால் என்ன பயன்? தீர்ப்பது நகர நில அளவைப் பதிவேடும் புலப்படமும்தான். பட்டா நகல், நகர அளவைப் பதிவேட்டின் நகல், வரைபடம் மூன்றையும் எடுங்கள். வரைபடம் பழையதாக இருந்தால் எண்கள் எந்த அலகில் என்று பாருங்கள். லிங்க்ஸ் கணக்கில் போட்டிருந்தால் 100 லிங்க்ஸ் 66 அடி. அதை அடி என்று நினைத்து வாசித்துவிட்டு, தெரு அகலத்தை நகராட்சி கூட்டிக் காட்டுகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

அளவை நில அளவைக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். சாலையின் நடுக்கோட்டிலிருந்தோ பழைய வடிகால் ஓரத்திலிருந்தோ டேப் பிடித்தால் ஆட்சேபணையை அங்கேயே எழுதிக் கொடுங்கள். அதே சமயம் உங்கள் 63½ அடியும் பின்சுவரிலிருந்து அளந்தது. பின்சுவர் கல்லில்தான் நிற்கிறதா? பின்வீட்டுக்காரர் மண்ணில் ஓர் அடி ஏறி நின்றால் முன்பக்க ஆக்கிரமிப்பு 2½ அடியாகக் குறையும், ஆனால் அளந்த அன்றே உங்களுக்குப் பின்பக்கமும் ஒரு வழக்கு பிறக்கும். தனியார் சர்வேயர் வரைபடம் நீங்கள் தெரிந்துகொள்ள உதவும், அரசுப் பதிவேட்டுக்கு எதிரே நிற்காது. நில அளவைப் பதிவே தவறு என்றால் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923-இன்படி எல்லை முடிவான அறிவிப்பிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்கு போட்டிருக்க வேண்டும். அநேகமாக அந்தக் காலம் உங்கள் அப்பா இருந்தபோதே போயிருக்கும்.

பின்சுவர் கல்லில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 63½-இல் 60 போனால் 3½. முன்பக்கம் 3½ அடிக்கு 30 அடி, அதாவது 105 சதுர அடி தெருவுடையது. நகராட்சி கேட்பது 4 அடி. மீதி அரை அடிக்கு 30 அடி, 15 சதுர அடி, உங்கள் பட்டா மண். அதை நோட்டீஸ் ஒட்டி எடுக்க முடியாது. விலை கொடுத்தோ, சட்டப்படி கையகப்படுத்தியோ, நீங்களாகத் தானமாக எழுதிக் கொடுத்தோதான் எடுக்கலாம். அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: மனைப்பிரிவு அல்லது கட்டட அனுமதி வாங்கியபோது சாலை அகலத்துக்காக முன்பக்கத்தைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா அப்பா? வில்லங்கச் சான்றில் தெரியும். கொடுத்திருந்தால் அரை அடியும் இல்லை.

இப்போது தடையாணை. உங்கள் ஊரில் நாலு பேர் சொல்வது இதைத்தான்: முன்சீப் கோர்ட்டில் ஒரு நிரந்தர உறுத்துக்கட்டளை (நிரந்தரத் தடையாணை) வழக்கு, கூடவே ஓர் இடைக்காலத் தடை மனு, பத்து வருடம் இழுக்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2018 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தின் 41(எச்ஏ) பிரிவு, உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் உறுத்துக்கட்டளை கொடுக்கக்கூடாது என்கிறது. எவையெல்லாம் உள்கட்டமைப்பு என்ற அட்டவணையில் சாலை இருக்கிறது, மழைநீர் வடிகாலும் பெயர் சொல்லியே இருக்கிறது. வழக்கு எண் விழுவது பெரிய காரியமில்லை. முதல் வாய்தாவில் நகராட்சி இந்தப் பிரிவை எடுத்து வைத்த பிறகு என்ன சொல்வது என்று உங்கள் வழக்கறிஞரிடம் ஃபீஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

அதைத் தாண்டினாலும் இன்னொரு குழி. உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் நிற்காது, உரிமை விளம்புகையும், அதாவது இடம் உங்களுடையது என்ற அறிவிப்பையும், சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டணத்தை மிச்சம் பிடிக்க வெறும் உறுத்துக்கட்டளை போட்டு, மூன்று வருடம் கழித்துத் தள்ளுபடி வாங்கி, அந்தத் தீர்ப்பில் ‘ஆக்கிரமிப்பு’ என்று பதிவாகிவிட்ட ஒரு வரியோடு வெளியே வருகிறவர்கள் அதிகம். பிறகு சமரசம் பேச உட்கார்ந்தால் அந்த வரிதான் முதலில் மேசைக்கு வரும்.

‘38 வருடம் ஆகிவிட்டதே, எதிரிடை அனுபவ பாத்தியம் இருக்கிறதே’ என்றும், அதாவது அடுத்தவர் மண்ணை நெடுங்காலம் அனுபவித்ததாலேயே உரிமை வந்துவிட்டது என்றும், சொல்லித் தந்திருப்பார்கள். பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சிக்குக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் காலம் 30 ஆண்டு, கணக்கு சரிதான். ஆனால் அந்த வாதத்தை வைக்க, மண் நகராட்சியுடையது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘எங்கள் பத்திர நிலம்’ என்று ஒரு பத்தியிலும் ‘எதிரிடை அனுபவம்’ என்று அடுத்த பத்தியிலும் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பொதுத் தெருவில் இந்த வாதத்தை நீதிமன்றங்கள் ரசிப்பதும் இல்லை.

அதைவிட, உங்கள் பெட்டியில் இருக்கும் பி மெமோ. அதை உரிமைக்கு ஆதாரம் போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். பி மெமோ என்பது அரசு நிலத்தை ஆக்கிரமித்தவருக்குக் கொடுக்கும் தாள். பணம் கட்டிய ரசீது, ‘இது என் நிலமில்லை’ என்று அப்பா கையெழுத்தில்லாமல் ஒப்புக்கொண்ட மாதிரி. எதிரிடை அனுபவ வாதத்தையும் அதுவே கெடுக்கும். எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு என்று அதில் பாருங்கள். தெருவின் எண் இருந்தால் 105 சதுர அடி விஷயம் முடிந்தது. ஆர்வத்தில் அதை ஜெராக்ஸ் எடுத்துப் பதிலோடு இணைத்துவிடாதீர்கள். அதற்காகக் கோர்ட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பிரமாணம் செய்யவும் கூடாது. வருவாய்த் துறைப் பதிவில் நகல் இருக்கும்.

நோட்டீசுக்குப் பதில் எழுதும்போதுதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு மாத அவகாசம் கொடுத்தால் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்ற பணிவான கடிதம், நான்கு அடியும் ஆக்கிரமிப்பு என்ற ஒப்புதல். உங்கள் அரை அடியும் அதில் போய்விடும். எழுத வேண்டியது சுருக்கம்: எங்கள் பட்டா எண் இது, பரப்பு இது, எங்கள் முன்னிலையில் அளவை நடக்கவில்லை, முன்தகவல் கொடுத்து அளந்து எல்லையைக் குறித்துக் கொடுங்கள், அளவையில் தெருவுக்குள் வருவது பற்றி அதன்பின் பதில் சொல்கிறோம். 7 நாளுக்குள் நேரில் கொடுத்து, பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இன்னொரு பிரதியைத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் ஆகும், 7 நாள் நோட்டீசுக்கு அது மருந்தில்லை. நோட்டீஸில் பழைய 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தால் துள்ள வேண்டாம். 2023 ஏப்ரல் 13 முதல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடப்பில் இருக்கிறது என்றாலும், அதிகாரம் இருக்கும்போது பிரிவைத் தவறாக எழுதியது மட்டும் நோட்டீஸைச் சாகடிக்காது.

உயர் நீதிமன்றம் போவதானால் ஒரே ஒரு வேண்டுகோளோடு போங்கள்: அளவை முடியும்வரை இடிக்காதே. அது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கோபத்தில் ‘எதிர்வரிசை ஆக்கிரமிப்பையும் அகற்ற உத்தரவிட வேண்டும்’ என்று சேர்த்தால், தெரு முழுவதையும் அளந்து இத்தனை வாரத்துக்குள் எல்லா ஆக்கிரமிப்பையும் எடு என்று உத்தரவு வரும். கவுன்சிலர் உறவினர் வீடு போகுமோ இல்லையோ, மனுதாரர் வீடு கட்டாயம் போகும், அதுவும் நீதிமன்ற உத்தரவின் பேரில். அதன்பின் பேரம் பேச எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

எனவே நேராகச் சொல்கிறேன்: சமரசம் பேசுங்கள், இடிப்பதற்கு முன்பே பேசுங்கள். ஒப்பந்தக்காரருக்கு வடிகாலை உங்கள் வாசலில் வளைக்காமல் நேராகக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அந்த 15 சதுர அடி வேண்டும். உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். அதற்கு ஈடாக, வாசல் அகலத்துக்கு வண்டி ஏறும் தடிமனில் கான்கிரீட் மூடி, புதிய எல்லையில் சுவர், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் திரும்பாத அளவுக்கு வடிகால் மேல்மட்டம், செப்டிக் டேங்கை மாற்ற நாள் அவகாசம், இவற்றை எழுத்தில் வாங்குங்கள். பொறியாளர் வாய்வார்த்தை போதாது, ஆணையர் கையெழுத்து வேண்டும். ‘சாலைப் பணிக்குத் தேவையான இடத்தை அளிக்கச் சம்மதம்’ என்று அச்சடித்த படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தேவையான இடம் என்பது நாளைக்கு ஆறடியும் ஆகலாம். 0.5 அடி, 30 அடி, 15 சதுர அடி, இணைப்பு வரைபடம் என்று எண்ணில் எழுதட்டும்.

கையெழுத்து உங்கள் ஒருவருடையது போதாது. நீங்கள், அம்மா, அண்ணன், தங்கை நால்வரும் போட வேண்டும். நீங்கள் மட்டும் போட்டால் தங்கை பங்குக்கு நாளை வழக்கு வரும், உங்கள் மேல்தான் வரும். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினால், தூதரகச் சான்றோடு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஓர் அங்குலத்தையும் எழுதிக் கொடுக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன செப்டிக் டேங்க். அதன் வழிநீர்க் குழாய் எங்கே போகிறது? தெருக் கால்வாயில் விட்டிருந்தால், எந்தக் கோர்ட்டுக்கும் போகுமுன் அதை அடைத்துவிடுங்கள். கோர்ட் நியமித்த கமிஷனராக ஆய்வுக்கு வரும் வழக்கறிஞர் முதலில் படம் எடுப்பது அந்தக் குழாயைத்தான். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடுகிறவருக்கு இடைக்கால நிவாரணம் எந்த நீதிபதியும் மனமுவந்து கொடுக்கமாட்டார். தொட்டியைக் காலி செய்ய உரிமம் பெற்ற லாரியை மட்டும் கூப்பிடுங்கள். உள்ளே ஆளை இறக்கினால் 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் பணி தடைச் சட்டம் வீட்டுக்காரர் மேலும் பாயும்: முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலியான தொட்டியை வெறுமனே விட்டுவிட்டுப் பக்கத்தில் வடிகாலுக்குத் தோண்டவிட்டால் தொட்டிச் சுவர் சரிந்து வீட்டின் கடைக்காலை இழுக்கும். மேல்மூடியை எடுத்து, அடித்தளத்தில் துளையிட்டு, மணல் நிரப்பி இறுக்கிய பிறகே தோண்டச் சொல்லி ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள்.